தானே இறங்கும் கட்டைகள்

ஜனவரி 9, 1994

ஆராதனையிலிருந்து திரும்பியதும் கூடத்தில் செத்த எலி நாற்றம். அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றினேன். எலி அங்கேதான் கிடந்தது. அதற்குப் பின்னால், இத்தனை வருடம் நாங்கள் எட்டிக்கூடப் பார்க்காத துருத்திகள்.

நீலகிரியில், குந்தா மின்நிலையத்தில் நான் வேலை பார்த்தபோது, மூடப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டக் கிளப்பின் ஏலத்தில் எடுத்த பியானோ இது. காலால் மிதித்தால் தானே வாசிக்கும் வகை. துருத்தி காற்றை உறிஞ்சும். துளை போட்ட காகிதச் சுருள் மேலே ஓடும். எந்த இடத்தில் துளை வருகிறதோ அந்தக் கட்டை தானாக இறங்கும். நாங்கள் வாங்கும்போதே அந்த இயந்திரம் செத்திருந்தது. என் மனைவி யூனிஸ் கையால் வாசிக்கத்தானே வாங்கினோம் என்று விட்டுவிட்டோம். பாளையங்கோட்டைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதில்தான் அவளிடம் படித்தார்கள். அவளுக்குக் காது முழுவதும் போன பிறகு ஒருவரும் வருவதில்லை.

மூக்கைப் பொத்திக்கொண்டு என் பின்னால் நின்றாள். "இதுதான் அந்தத் துருத்தியா?" என்றாள். தலையாட்டினேன். குனிந்து உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நான் வாசிக்கது எனக்குக் கேக்கத்தான் செய்யி. கட்டையை அமுக்குனதும் மனசுக்குள்ள கேட்டிரும். மத்தவங்க வாசிக்கதுதான் கேக்கல. நாலு வருசமா என்னை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன். கட்டை தானா இறங்குறதைக் கண்ணால பாத்தேன்னா, வேற ஒருத்தர் வாசிக்கது எனக்குக் கேட்டிரும்."

சிலேட்டை எடுத்து "சரி பண்ணிவிடலாம்" என்று எழுதிக் காட்டினேன். கையை நீட்டி, சிலேட்டைத் தள்ளிப் பிடித்து வாசித்தாள்.

எலியைக் கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

ஜனவரி 12

பியானோவின் முன்பலகைகள் முழுவதையும் கழற்றியாயிற்று. பெரிய துருத்தி இரண்டும் கிழிசல். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறு துருத்தி உண்டு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. எல்லாவற்றின் துணியும் தொட்டால் உதிர்கிறது. ரப்பர் குழாய்கள் சுள்ளியாகக் காய்ந்திருக்கின்றன.

இவையெல்லாம் செய்துகொள்ளலாம். செய்ய முடியாதது மேல் பெட்டி. சுருளை மாட்டுகிற இடம், துளைகள் கொண்ட பித்தளைப் பட்டை, சுருளைச் சுற்றும் காற்று மோட்டார் எல்லாம் சேர்ந்த பெட்டி அது. அந்த இடம் வெறும் ஓட்டை. பித்தளைக்கு ஆசைப்பட்டு எவனோ பிடுங்கியிருக்கிறான்.

குடிநீர்க் குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை.

ஜனவரி 20

திருநெல்வேலி ஜங்ஷனில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். துருத்தித் துணி வாங்கினேன். பெரிய துருத்திக்குச் சரி, சிறியவற்றுக்குக் கனம் அதிகம், மடங்காது. மேல் பெட்டியைப் பற்றி விசாரித்ததற்குக் கடைக்காரர், "தூத்துக்குடியில கொரேரா வீட்டுல இதே சாதி பியானோ ஒண்ணு கெடக்கு. கொழும்புலருந்து வந்தது. ஆனா அந்த அம்மா ஒரு மாதிரி" என்றார்.

யூனிஸ் சாயங்காலம் காப்பியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டாள். சமையலறை பல்பு மங்கல். அறுபது வாட்டைக் கழற்றி நூறு வாட் போட்டேன்.

பிப்ரவரி 3

தூத்துக்குடி. கொரேரா வீடு கடற்கரையை ஒட்டிய தெருவில். இரண்டு மாடி, உப்புக் காற்றில் சன்னல் கம்பியெல்லாம் அரித்துப்போன வீடு. ஃபிலோமினா கொரேரா, எழுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். மாடி அறைகளைத் துறைமுக அலுவலர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே தனியாக இருக்கிறார். நான் போனபோது தனக்குத்தானே சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்.

பியானோவின் மேல் மாதா சொரூபம், மெழுகுவர்த்திகள், காகிதப் பூ. அனுமதி கேட்டு அதன் முன்கதவைத் திறந்தேன். பெட்டி இருந்தது. பித்தளைப் பட்டை பச்சை பிடித்திருந்தாலும் முழுசாக இருந்தது. துளைகளை விரலால் தடவி எண்ணினேன்.

"அந்தப் பெட்டியை மட்டும் விலைக்குக் கேக்கியளா? ஒரு ஆளுகிட்ட வந்து ஈரலை மட்டும் அறுத்துக் கொடுன்னு கேப்பியளா தம்பி?" என்றார்.

அவருடைய அண்ணன் லியோன் கப்பலில் இருந்தவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்தான் மிதிப்பாராம். அவர் போனதிலிருந்து அது பாடவில்லை. "நான் சாவுறதுக்குள்ள இன்னொரு தரம் அது பாடணும். உமக்குத்தான் வேலை தெரியுமே, இதைச் சரி பண்ணிக் கொடும்."

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கம்பிகள் துருப்பிடித்துப் பாதி அறுந்திருந்தன. கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் குறுக்கே விரிசல். இனி எந்தச் சுருதியும் அதில் நிற்காது. உள்ளதைச் சொன்னேன்.

"பெட்டி வேணும்ங்கதுக்காக என் பியானோ செத்துப்போச்சுங்கியோ" என்றார். சீட்டைக் கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார். வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4

நேற்று நடந்ததை யூனிஸிடம் சொன்னேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாக அசைத்து. "கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க" என்றாள். நாற்காலியை நகர்த்தினேன். "இன்னும் கொஞ்சம்." சுவர் இடித்தது. அங்கிருந்து பேசினேன். புரிந்துகொண்டாள்.

பிப்ரவரி 17

சிறு துருத்திகளுக்குக் குடைத்துணி ஒட்டிப் பார்த்தேன். காற்று நிற்கவில்லை. குந்தாவில் போட்ட என் பழைய மழைக்கோட்டு ஞாபகம் வந்தது. மெல்லிய துணி, உள்ளே ரப்பர் பூச்சு. வெட்டி ஒட்டினேன். ஊதினால் நிற்கிறது, விட்டால் மடிகிறது. குழாய்களுக்கு மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை மீட்டர் கணக்கில் வாங்கினேன். "வீட்டுல யாருக்கு சார் சீரியஸ்?" என்று கடைக்காரர் கேட்டார்.

பின்கட்டில் ஓட்டுச் சாய்ப்பு போட்டு அங்கேயே மேசை, விளக்கு. காலையில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியவில்லை.

மார்ச் 2

யூனிஸ் இனிமேல் சாயங்கால ஆராதனைக்கு வரவில்லையாம், காலையில் மட்டும் போதுமாம். வயதாகிறது.

முன்வாசலில் என் சைக்கிள் மேல் மோதி முழங்காலில் காயம். சைக்கிளைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.

மார்ச் 19

யூனிஸ் தானாகவே கேட்டாள்: "அந்த அம்மா வீட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க." எதற்கு என்றேன். "ஒரு பியானோ கெடக்குன்னு சொன்னிய. பாக்கக்கூடாதா?"

காலை பஸ்ஸில் போனோம். ஃபிலோமினா அம்மா வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் யூனிஸைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். அவளுக்குக் காது கேட்காது என்று நான் சொல்லவில்லை. பெண்டாட்டியைக் காட்டி இரக்கம் வாங்குவதாகத் தோன்றக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

யூனிஸ் பியானோவைக் கண்டதும் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள். கட்டைகளைத் துடைத்தாள். வாசிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? பாதிக் கட்டைகள் 'டொக்' என்று வெறும் மரமாக விழுந்தன. மீதியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஊளை. தகரக்கடையில் பாத்திரம் உருளுகிற மாதிரி. அதன் நடுவே யூனிஸ் கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் நிறைந்து, ஒரு சுரம் தப்பாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஃபிலோமினா அம்மா முதலில் காதைப் பொத்தினார். அப்புறம் யூனிஸின் முகத்தைப் பார்த்தார். பொத்திய கையை மெதுவாக இறக்கினார். என் பக்கம் திரும்பாமலே, "கேக்காதா?" என்றார்.

"நாலு வருசமா" என்றேன்.

அவள் வாசித்து முடிக்கும்வரை அவர் நகரவில்லை. முடித்ததும் யூனிஸ் திரும்பி, "நல்ல பியானோ அம்மா. கட்டை கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான்" என்றாள். ஃபிலோமினா அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுத் தலையாட்டினார். அதன்பின் மாதா சொரூபத்தைத் தூக்கி சன்னல் மாடத்தில் வைத்தார். மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"நீர் அன்னைக்குச் சொன்னது சரிதான் தம்பி. என் காதுலயே கேட்டுட்டேன். திருப்புளி கொண்டாந்திருக்கியளா? கழத்துங்க."

காசு வாங்க மறுத்துவிட்டார். "அது பாடுத அன்னைக்கு எனக்குச் சொல்லி அனுப்பணும்" என்றார், அவ்வளவுதான்.

கிளம்பும்போது யூனிஸ் முன்னால் படி இறங்கினாள். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "கண்ணு எப்பத்துலருந்து இப்படி?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா. காதுதான்."

"பட்டப்பகல்ல படியக் காலால தொழாவுதா. நான் குடுத்த தண்ணித் தம்ளரு பக்கத்துல இருக்கு, அது தெரியாம அந்தாக்குல தேடுதா. பாக்கலையா நீரு?"

புது இடம், பழக்கமில்லாத படி. தனியாக இருப்பவர்களுக்கு அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நோட்டம் அதிகம்.

பெட்டி என் மடியில். பஸ்ஸில் வழியெல்லாம் அதைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 20

கூடத்தில் இருநூறு வாட் பல்பு. படுக்கையறையிலும் நூறு.

மார்ச் 28

பித்தளைப் பட்டையைப் புளி போட்டுத் தேய்த்துத் துளைகளைத் தையல் ஊசியால் சுத்தம் செய்தேன். காற்று மோட்டாரின் உள்தோல் போயிருக்கிறது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்துக்கு எழுதி, மிக மெல்லிய ஆட்டுத்தோல் வரவழைக்க வேண்டும். நான் சாய்ப்பில் இருந்தபோது இரண்டு தடவை யூனிஸ் கூப்பிட்டது போல இருந்தது. கையில் பசை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவளும் மறுபடி கூப்பிடவில்லை.

ஏப்ரல் 1, பெரிய வெள்ளி

ஆராதனை முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்தோம். கோவில் வாசலில் தெரிந்தவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். யூனிஸ் தெருவில் இறங்கிவிட்டாள். வலது பக்கமிருந்து டிராக்டர் வந்தது. ஆரன் கேட்காதுதான். ஆனால் அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு பெரிய சிவப்பு வண்டி அவள் தோளருகே வந்து நின்ற பிறகும் நேரே பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

இன்று வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 6

கண் ஆஸ்பத்திரி. மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் காட்டி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மிக நீண்ட நேரம் பொத்தான் சத்தமே இல்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். காகிதத்தைச் சுருட்டி என் கண்ணில் வைத்தார். "இப்படித்தான் சார் அம்மா உலகத்தைப் பாக்குறாங்க. பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. அதான் உங்களைத் தள்ளி உக்காரச் சொல்லியிருப்பாங்க. தள்ளி இருந்தாத்தான் முகம் முழுசா அந்தத் துளைக்குள்ள அடங்கும்." காதும் கண்ணும் சேர்ந்து போகிற பரம்பரை வியாதியாம். "அவங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?" ஆமாம். அவள் அப்பா கட்டியது மாமன் மகளை.

வைத்தியம்?

"இல்ல சார். இன்னும் சுருங்கும். எவ்வளவு நாள்ல முழுசாப் போகும்னு சொல்ல முடியாது. ஆனா ரொம்ப வருஷம் இருக்குன்னு சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசில்ல."

யூனிஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சிலேட்டை எடுத்தேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் சாக்பீஸை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"எழுத வேண்டாம். எனக்குத் தெரியும். காது பாக்க மதுரைக்குப் போனோம்லா, அப்பவே எழுதிக் காட்டுனாங்க. நீங்க மருந்து வாங்கப் போயிருந்திய."

மூன்று வருடம். ஏன் சொல்லவில்லை என்று வாயசைத்தேன்.

"நீங்க கேக்கலையே. பல்புதான் மாத்துனிய."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 7

இரவு பகலாக உட்கார்ந்தால் ஜூனுக்குள் முடித்துவிடலாம். அவள் கண்ணுக்குக் கட்டைகள் தெரிகிற காலத்துக்குள். திண்டுக்கல்லுக்குத் தந்தி அடித்தேன்.

ஏப்ரல் 23

தோல் வந்துவிட்டது. மோட்டாரைப் பிரித்தாயிற்று. சாப்பாட்டைச் சாய்ப்புக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

மே 5

யூனிஸ் பகலில் சாய்ப்புக்கு வந்து என் எதிரே நின்றாள். நான் நிமிரவில்லை. துருத்தி விளிம்பில் பசை காய்வதற்குள் துணியை இழுத்து ஒட்ட வேண்டும். நின்றுகொண்டே இருந்தாள். ஒட்டி முடித்து நிமிர்ந்தேன்.

"காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் உங்க முதுகைத்தான் பாக்கேன்" என்றாள்.

உனக்காகத்தான் என்று வாயசைத்தேன்.

"தெரியும். ஆனா எனக்கு இருக்கது கொஞ்சூண்டு வெளிச்சம். அதை இந்தக் கட்டையப் பாக்க வச்சிருக்கணுமா? மூஞ்சியப் பாத்துக்கிடுதேன். முதல்ல வந்து எதிரே உக்காருங்க. பொறவு பியானோவப் பாப்போம்."

என் குரல் அவளுக்குப் போய் நாலு வருடம். இப்போது வாயசைவும் போகப்போகிறது, சிலேட்டும் போகப்போகிறது. இதை நான் இதுவரை கணக்கிலேயே எடுக்கவில்லை.

சாய்ப்பு விளக்கை அணைத்தேன்.

மே 6

பகல் முழுவதும் கூடத்தில். நான் சுவரோரம், அவள் சன்னலோரம். எதைப் பேசுவது என்றே தெரியவில்லை. கடைசியில் குந்தாவில் பனியில் வழி தவறி நாங்கள் இரண்டு பேரும் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிய கதையைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கதைதான். மறுபடி சொல்லச் சொன்னாள்.

மே 19

குற்றாலம் போய்வந்தோம். சீசன் தொடங்கவில்லை, அருவியில் பாதித் தண்ணீர். தூரத்தில் நின்று பார்த்தாள். "மேலருந்து கீழ வரைக்கும் முழுசாத் தெரியி" என்றாள்.

ஜூன் 14

என் மீசையை எடுத்துவிடச் சொன்னாள். வாயசைவு தெரியவில்லையாம். எடுத்தேன். கண்ணாடியில் யாரோ ஒரு ஆள்.

ஜூலை 11

அவள் காய் நறுக்குவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "நான் குருடாப் போனாலும் பரவாயில்ல, இதைக் குடிக்கதுக்கு நானே நறுக்குதேன்" என்றாள்.

ஆகஸ்ட் 8

சாயங்காலம் மின்தடை. எங்கள் வாரியத்தின் கைங்கரியம். இருட்டில் என் வாயும் தெரியாது, சிலேட்டும் தெரியாது. அவள் தடவித் தடவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "இதுல எழுதுங்க."

விரலால் "பயமா" என்று எழுதினேன்.

"பசியான்னு எழுதுனியளா?"

மறுபடி எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. புரிந்தது. "ஆமா" என்றாள். இந்த வியாதியைப் பற்றி அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கரண்ட் வந்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தோம். என்னுடைய 'ழ'வும் 'ம'வும் ஒன்றுபோல் இருக்கின்றனவாம். "இஞ்சினியர் கையெழுத்து" என்றாள்.

செப்டம்பர் 2

இப்போது பகல் வெளிச்சத்திலும் கையில்தான் எழுதுகிறேன். என் முகத்தைக் காலையில் ஒரு தடவை, சன்னலருகே நிறுத்தி, நெற்றியிலிருந்து தாடை வரை துண்டு துண்டாகப் பார்க்கிறாள். சேர்த்துக்கொள்கிறேன் என்கிறாள்.

செப்டம்பர் 20

"எல்லாம் சாய்ப்புல தூசி பிடிச்சுக் கெடக்குமே" என்றாள். இனி எதற்கு என்று அவள் கையில் எழுத நினைத்தேன். எழுதவில்லை. "போய் முடிங்க. நான் உங்க கூடவே உக்காந்துக்கிடுதேன். பசையை நான் பிடிச்சுக்கிடுதேன்."

அக்டோபர் 18

அவள் விரல்கள் என் கண்ணை விட நன்றாக வேலை செய்கின்றன. குழாயை முனையில் செருகி, காற்று கசிகிறதா என்று உதட்டருகே வைத்துப் பார்த்துவிடுகிறாள். மேல் பெட்டி பொருந்திவிட்டது. ஒரு பக்கம் கொஞ்சம் இழைக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 9

அடைமழை. பின்கட்டில் ஒழுகல். கூடத்தில் பியானோவைச் சுவரிலிருந்து நகர்த்தி, கிளப்பிலிருந்து அதோடு வந்த காகிதச் சுருள் பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தேன். பாதியைக் கரையான் தின்றிருக்கிறது. மீதியில் ஒரு வால்ட்ஸ் நடன இசை முழுசாக இருக்கிறது. ஒரு பியானோக்காரர் வாசிக்கும்போதே அவர் விரல் போன போக்கில் துளையிட்டு எடுத்த சுருள் என்று மேலே ஒட்டிய சீட்டில் இருக்கிறது. அவர் பெயர் எழுதிய இடம் கிழிந்துபோயிருக்கிறது.

தூத்துக்குடிக்குக் கார்டு போட்டேன்.

நவம்பர் 16

ஃபிலோமினா அம்மா காலையிலேயே வந்துவிட்டார். கருவாட்டுப் பொட்டலமும் ஒரு சீட்டுக்கட்டும் கொண்டுவந்திருந்தார். யூனிஸின் கன்னத்தைத் தொட்டதும், யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நானும் யூனிஸும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் மிதித்தேன். முதலில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். சுருள் நகர்ந்தது. பிறகு கட்டைகள் இறங்க ஆரம்பித்தன. பின்னால் ஃபிலோமினா அம்மா "மாதாவே" என்றார். அவருடைய அண்ணனின் பெட்டிதானே பாடுகிறது.

எனக்கு அந்த இசை காதில் விழவில்லை. நான் யூனிஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்தாள். தலையை இடமும் வலமுமாகத் திருப்பினாள். ஒரு கட்டை இறங்குவது அந்த ஊசித்துளைக்குள் அகப்பட்டதோ என்னவோ, பார்வை அங்கே நிலைப்பதற்குள் அது ஏறிவிட்டிருக்கும். இன்னும் குனிந்தாள். மூக்கு கட்டைகளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"ஓடிருது" என்றாள். "எங்க இருக்குன்னு தேடுததுக்குள்ள ஓடிருது."

மிதிப்பதை நிறுத்தினேன். பாதி வால்ட்ஸில் எல்லாம் அடங்கியது. ஃபிலோமினா அம்மா அந்தப் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜனவரியில் சொன்னாளே, கண்ணால் பார்த்தால் கேட்கும் என்று. மே மாதம் நிறுத்தாமல் இருந்திருந்தால் பார்த்திருப்பாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

யூனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். பத்து விரல்களையும் விரித்துக் கட்டைகளின் மேல் வைத்தாள். அழுத்தவில்லை. தூங்குகிற பிள்ளையின் மேல் கை வைப்பதுபோல் சும்மா வைத்தாள்.

"மிதிங்க."

மிதித்தேன். அவள் விரலுக்கடியில் கட்டைகள் இறங்கின, ஏறின. முதலில் விரல்கள் திடுக்கிட்டு விலகின. மறுபடி வைத்தாள். இரண்டு கைகளும் மெதுவாக நகர்ந்து, எங்கே இறங்குகிறதோ அங்கே போக ஆரம்பித்தன. அவள் தலை நிமிர்ந்தது. கண் மூடிவிட்டது.

"யாரோ வாசிக்காங்க" என்றாள்.

கொஞ்சம் கழித்து: "இடது கை கனம். அதை அவர் மறைக்கப் பாக்காரு." பிறகு, "இந்த இடத்துல அவசரப்படுதாரு, வாலிபப் புள்ளையாத்தான் இருக்கும்." பிறகு உதடு மட்டும் அசைந்தது. நாலு வருடத்துக்கு மேலாகத் தன்னை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது பெயர் கிழிந்துபோன ஒரு ஆளை, அவர் எங்கே தயங்கினார், எங்கே துணிந்தார் என்று விரல் விரலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஓர் இடத்தில் சுருள் நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் மிதிக்க மறந்திருந்தேன்.

"என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டிய?" என்று உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாள்.

ஃபிலோமினா அம்மா திரும்பி என்னை நெடுநேரம் பார்த்தார்.

"கால் வலி" என்று அவள் கையில் எழுதினேன்.

அந்தக் கையை மூடிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் மறுபடி கட்டைகளின் மேல் வைத்தாள்.

"அப்ப மெதுவா மிதிங்க. வாசிக்கவரு காத்துக்கிடுவாரு."